நாயுடன் நடக்கும் நேரத்தில் கவனம் எங்கே? நான்கு வழிகளின் ஒப்பீடு

வேலைக்குக் கிளம்புவதற்கு முன் நாற்பது நிமிடம் கையில் இருக்கிறது. வாசலில் நாய் லீஷை, அதாவது தன்னைப் பிடித்து நடத்தும் வாரைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. அந்த நாற்பது நிமிடத்துக்குள் நாயும் நடந்தாக வேண்டும், நேற்றிரவு முதல் சேர்ந்துகிடக்கும் செய்திகளுக்கும் பதில் அனுப்பியாக வேண்டும், முடிந்தால் ஒரு நண்பரையும் பார்த்துவிடலாம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. நாய் வளர்ப்பவர்களில் பலர் இதை ஒரு முடிவாகவே நினைப்பதில்லை. கைபேசி தானாகவே கைக்கு வந்துவிடுகிறது, நடையும் எப்படியோ முடிந்துவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளாக ஒரே நாயுடன் கைபேசியைப் பார்த்தபடியும், இயர்போன் மாட்டிக்கொண்டும், பேச்சுத்துணையோடும், இவை எதுவுமில்லாமலும் நடந்து பார்த்தவன் என்ற முறையில், இது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு என்று உறுதியாகச் சொல்வேன். இந்த நான்கு வழிகளும் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் நேரமும் பொருந்தாத நேரமும் உண்டு.

ஒப்பிடுவதற்கு முன், நாய்க்கு அந்த நடை என்னவாக இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டு நாய் ஒரு நாளின் இருபத்து மூன்று மணி நேரத்தைத் தனக்கு மனப்பாடமாகிவிட்ட நான்கு சுவர்களுக்குள் கழிக்கிறது. எப்போது வெளியே போவது, எந்தப் பக்கம் திரும்புவது, எப்போது வீடு திரும்புவது என எதையும் அது தீர்மானிப்பதில்லை. வெளியே வந்ததும் அதன் மூக்கு வேலையைத் தொடங்கிவிடுகிறது. மனித மூக்கில் ஏறத்தாழ 60 லட்சம் மோப்ப உணர்வேற்பிகள் இருக்கின்றன என்றால், நாயின் மூக்கில் இனத்துக்கேற்ப 30 கோடி வரை இருக்கின்றன. நொடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை அது முகர்கிறது. வெளிவிடும் மூச்சு நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே போய்விடுவதால், முகரும் தடம் அதிகம் கலைவதில்லை. நாம் ஒரு வெற்றுக் கம்பமாகப் பார்க்கும் இடத்தில், யார் வந்தார்கள், ஆணா பெண்ணா, எவ்வளவு நேரத்துக்கு முன் வந்தார்கள் என்பதையெல்லாம் அது தெரிந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் லீஷின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் கவனம் சிதறியவராக இருந்தால், பாதி அறிந்த செய்தியோடு அது இழுத்துச் செல்லப்படுகிறது.

முதல் வழி, கைபேசியைப் பார்த்துக்கொண்டோ அதில் பேசிக்கொண்டோ நடப்பது. இதைப் பற்றி நீட்டி எழுதுவதற்குக் காரணம், இதுவே மிகப் பரவலானது என்பதும், நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தேன் என்பதும்தான். அமெரிக்காவின் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வளாகத்தின் நடைபாதை அருகே, ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியை ஓட்டவிட்டு, அவ்வழியே நடந்து போனவர்களிடம் அவரைப் பார்த்தீர்களா என்று பிறகு கேட்டார்கள். கைபேசியில் பேசியபடி நடந்தவர்களில் 25 விழுக்காட்டினரே கோமாளியைக் கவனித்திருந்தார்கள். கையில் கருவி எதுவுமின்றித் தனியாக நடந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரும், இசை கேட்டபடி நடந்தவர்களில் 61 விழுக்காட்டினரும், இருவராகச் சேர்ந்து நடந்தவர்களில் 71 விழுக்காட்டினரும் கவனித்திருந்தார்கள். வண்ண உடையணிந்து, கண்ணுக்கு நேராகச் சைக்கிள் ஓட்டிய கோமாளியே நால்வரில் மூவர் கண்ணில் படவில்லை என்னும்போது, முழங்காலுக்குக் கீழே, புல்லுக்குள் நடப்பது எப்படிக் கண்ணில் படும்?

எனக்குப் படவில்லை. ஒரு நாள் மாலை, மின்னஞ்சல் ஒன்றைப் படித்துக்கொண்டு புதரோரமாக நின்றிருந்தேன். லீஷ் தளர்வாக இருந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணினேன். காதில் விழுந்தது ஒரு 'கறுக்' என்ற ஓசை மட்டுமே. குனிந்து பார்த்தபோது என் நாய் எதையோ விழுங்கி முடித்திருந்தது. கடைவாயில் ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருந்தது, சமைத்த எலும்பு. சமைத்த எலும்பு நார்போலப் பிளந்து கூரான சில்லுகளாக உடையக்கூடியது, குடலைக் கீறக்கூடியது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைத் தடுக்க வேண்டிய இரண்டு நொடியில் நான் அங்கே இருக்கவில்லை. அன்றிரவு கால்நடை மருத்துவரின் மேசையருகே, அதன் வயிற்றில் கை வைத்தபடி நின்ற நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நல்லவேளையாக அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் அந்த மின்னஞ்சலில் என்ன எழுதியிருந்தது என்பது மறுநாளே நினைவில் இல்லை.

ஆபத்து ஒருபுறம் இருக்க, கைபேசியில் ஆழ்ந்தவருடன் நடக்கும் நாய் வேறொன்றையும் இழக்கிறது. 2017 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 நாய்களின் முக அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். மனிதர் தம்மை நோக்கி நிற்கும்போது நாய்கள் முகத்தை மிகுதியாக அசைத்தன. முதுகைக் காட்டி நிற்கும்போது அது குறைந்தது. கையில் தின்பண்டம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நாம் கவனிக்கிறோமா இல்லையா என்பதை நாய் அறிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை. என் நாய் நடக்கும்போது பத்துப் பதினைந்து அடிக்கு ஒருமுறை தலையைப் பாதி திருப்பி என் முகத்தைப் பார்க்கும். ஒரு காது முன்னோக்கியும் மறு காது என் பக்கமும் இருக்கும். நான் கைபேசியோடு நடந்த ஆண்டுகளில் அந்தத் திரும்பல் மெல்ல மெல்லக் குறைந்து ஒரு கட்டத்தில் நின்றே போயிருந்தது. நின்றுவிட்டது என்பதைக்கூட, கைபேசியைப் பைக்குள் வைக்கத் தொடங்கிச் சில வாரங்களில் அது மீண்டும் தொடங்கியபோதுதான் உணர்ந்தேன்.

இரண்டாவது வழி இயர்போன். மேலே சொன்ன சோதனையின்படி பார்த்தால், இசை கேட்டு நடப்பவரின் கண்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. எனவே கைபேசித் திரையோடு இதை ஒன்றாகச் சேர்த்துப் பழிப்பது நியாயமாகாது. பாட்டு ஒருவகை, பாட்காஸ்ட் வேறுவகை. பாட்டு பின்னணியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் வாதத்தைத் தொடர்ந்து கேட்பதென்றால் மனம் அதன் பின்னாலேயே போய்விடும், கண்கள் திறந்திருந்தும் பயனில்லை. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால், பின்னால் வரும் சைக்கிளின் மணியும், வேலிக்கு அப்பாலுள்ள நாயின் தாழ்ந்த உறுமலும், நம் நாயே இருமுவதும் கேட்காது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் செவி 45,000 வரை கேட்கிறது. ஏற்கனவே அது நம்மைவிட அதிகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் கேட்கும் பங்கையும் குறைத்துக்கொண்டால், அது ஏன் திடுக்கிட்டு நின்றது என்பது நமக்குப் புரியவே புரியாது, பிடிவாதம் என்று எண்ணி இழுப்போம். ஒரு காதில் மட்டும், மெல்லிய ஒலியில், தெரிந்த பாதையில், வீடு திரும்பும் பகுதியில் என்றால் எனக்கு மறுப்பில்லை. அதற்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, துணையோடு நடப்பது. எண்களின்படி இதுதான் மிகச் சிறந்தது, ஏனெனில் நான்கு கண்கள் இரண்டு கண்களைவிட அதிகம் காண்கின்றன. தனியாகவும் மனச்சுமையோடும் இருப்பவருக்கு, நாயின் பெயரால் கிடைக்கும் இந்தத் துணை பெரிய ஆறுதல். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஓர் இடத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. இரண்டு பேர், இரண்டு நாய்கள், எதிரெதிரே நின்று பேச்சில் ஆழ்ந்திருக்கும் நேரம் அது. நாய்கள் இயல்பாகச் சந்திக்கும்போது நேராக முகத்துக்கு முகம் வருவதில்லை. ஓர் அரைவட்டமாக வளைந்து வந்து பக்கவாட்டிலும் பின்புறத்திலும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகும். லீஷைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு நாம் பேசும்போது அந்த வளைவுக்கு இடமில்லாமல் போகிறது. ஒன்று உடலை விறைத்துக்கொள்கிறது, வாயை இறுக மூடுகிறது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. மற்றொன்று உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பி, என்னை விட்டுவிடு என்கிறது. இவ்வளவும் நாலைந்து நொடிக்குள் நடக்கும். பேச்சு சுவாரசியமாக இருந்தால் நாம் காண்பது ஆறாவது நொடியில் வரும் பாய்ச்சலை மட்டும்தான், 'என் நாய் திடீரென்று பாய்ந்துவிட்டது' என்போம். துணை வேண்டுமென்றால் நடந்துகொண்டே பேசுவதும், இரு நாய்களையும் ஒரே திசையில் இணையாக நடத்துவதும் நல்லது. பேச்சை நடுவில் நிறுத்தினால் மனம் கோணாத துணையாக இருப்பது அதைவிட முக்கியம். குழந்தையைத் துணைக்கு அழைத்துப் போவது இந்தக் கணக்கில் வராது. அங்கே கவனிக்கப்பட வேண்டியவர் இருவராகிவிடுகிறார்கள், லீஷைப் பெரியவர்தான் பிடித்திருக்க வேண்டும்.

நான்காவது முழுக் கவனம். இதற்கு ஒரு தவறான பொருளும் வழக்கில் இருக்கிறது. 'ஒட்டி நட', 'உட்கார்', 'அதை விடு' என்று வழிநெடுகக் கட்டளையிட்டு, ஒவ்வோர் அடியையும் திருத்திக்கொண்டே போவதைக் கவனம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த நடையில் முழுமையாக இருப்பது ஆதிக்கம் மட்டுமே. 2019 ஆம் ஆண்டு சார்லோட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆகிய நாய் நடத்தை ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு நாய்களுக்கு மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சியும், மற்றொரு குழுவுக்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் இரண்டு வாரம் தரப்பட்டன. அதன்பின், உணவு இருக்குமோ இருக்காதோ என்று ஐயப்பட வேண்டிய இடத்தில் வைத்த கிண்ணத்தை நோக்கி, மோப்பக் குழு நாய்கள் முன்பைவிட விரைவாகச் சென்றன. ஒட்டி நடந்த குழுவில் அந்த மாற்றம் இல்லை. மூக்கைப் பயன்படுத்தித் தானே முடிவெடுக்க இடம் கிடைத்த நாய் நம்பிக்கையோடு உலகை அணுகுகிறது என்று ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் கொண்டார்கள். ஆகவே முழுக் கவனம் என்று நான் சொல்வது, நாய் எதைப் பார்க்கிறதோ அதை நாமும் பார்ப்பதும், அது முகர்ந்து முடிக்கும்வரை நிற்பதும், ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிடுவதும்தான்.

அப்படி நடந்தால் என்னவெல்லாம் தெரிகிறது என்பதற்கு ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். பாதையோரக் கல் ஒன்றின் அருகே என் நாய் நின்றது. முதலில் கல்லின் மேல்விளிம்பை முகர்ந்தது, பிறகு கீழே இறங்கி, மண்ணோடு கல் சேரும் இடத்தில் மூக்கை வைத்து அசையாமல் நின்றது. நாசித் துளைகள் மட்டும் துடித்தன. வாய் மெல்லத் திறந்து பற்கள் இலேசாக மோதிக்கொண்டன. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுத் தொட்டு வந்தது. மேலண்ணத்துக்கு மேலே இருந்து, பிற நாய்கள் விட்டுச்சென்ற மணச்செய்திகளை உணரும் ஜேக்கப்சன் உறுப்புக்குச் செய்தியை அனுப்பும் வேலை அது. ஏறத்தாழ முக்கால் நிமிடம் கழித்து ஒரு பெருமூச்சு விட்டு, உடலை ஒருமுறை உதறிவிட்டு நகர்ந்தது. நகர்ந்த முதல் நாலைந்து அடியில்தான் நான் அதைக் கண்டேன்: இடது முன்காலை ஊன்றும்போதெல்லாம் தலை சற்றே மேலெழுந்தது. வலிக்கும் முன்காலில் எடை விழும்போது நாய் தலையை உயர்த்தும், நல்ல காலில் ஊன்றும்போது தாழ்த்தும். காலைத் தூக்கிப் பார்த்தபோது விரல்களுக்கிடையில் ஒரு புல்விதை முனை தோலுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு நடந்திருந்தால் அந்தத் தலையசைவு என் கண்ணில் பட்டிருக்காது. இரண்டு நாள் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

உடல்நலம் என்ற ஒரே காரணத்துக்காகவே முழுக் கவனத்தை முதலிடத்தில் வைக்கலாம். சிறுநீர் கழிக்க முயன்று முயன்று, துளித்துளியாகவோ ஒன்றும் வராமலோ நிற்கும் ஆண் நாய்க்கு அடைப்பு இருக்கலாம். அது மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடிய நோயன்று, உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அவசரம். மலத்தின் நிறமும் இறுக்கமும், புழுவோ இரத்தமோ இருப்பதும் அன்றாடம் பார்க்கப்பட வேண்டியவை, அவற்றைக் கைபேசியின் வெளிச்சத்தில் அள்ளிப் போட்டுவிட்டுப் போகிறவர் பார்ப்பதில்லை. வெப்பமான நாளில் நிலைமை இன்னும் விரைவாக மாறும். நாய் நம்மைப்போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை, இரைப்பதன் மூலமே பெரும்பாலும் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு நுனி அகன்று தட்டையாகத் தொங்குவதும், எச்சில் கெட்டியாவதும், நிழல் கண்ட இடத்திலெல்லாம் படுக்க முயல்வதும் முன்னறிகுறிகள். தட்டை மூக்குள்ள இனங்களில் இவை இன்னும் சீக்கிரம் வரும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லையென்றால், அந்தச் சாலை நாயின் பாதத்துக்கும் ஏற்றதன்று.

இத்தனை நன்மை உண்டென்றாலும் முழுக் கவனம் எளிதில் கிடைப்பதில்லை, அதற்கும் விலை உண்டு. நாள் முழுதும் உழைத்துவிட்டு வரும் மனம் நாற்பது நிமிடத்துக்கு இடைவிடாமல் இன்னோர் உயிரைப் படித்துக்கொண்டிருக்க மறுக்கும். என் அனுபவத்தில் இருபது நிமிடத்துக்குப் பிறகு கண் பார்க்கிறது, மனத்தில் பதிவதில்லை. ஆகவே உண்மையான தேர்வு, நீண்ட அரைக்கவன நடையா, குறுகிய முழுக்கவன நடையா என்பதாகவே பெரும்பாலும் வந்து நிற்கிறது. பெரும்பாலான வளர்ந்த நாய்களுக்கு இருபத்தைந்து நிமிட முழுக்கவன நடையே ஐம்பது நிமிட அரைக்கவன நடையைவிட மேல் என்பது என் தீர்ப்பு. நன்றாக முகர்ந்து முடித்த நாய் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறது. இழுத்துக்கொண்டே வந்த நாய் அதன்பிறகும் வாசலுக்கும் அறைக்கும் நடக்கிறது. இதற்கு விலக்கும் உண்டு. மேய்ச்சலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட இனங்களின் இளநாய்களுக்கு ஓட்டம் வேண்டும், மூக்குக்கு மட்டும் வேலை கொடுத்தால் போதாது. அவற்றுக்கு நேரத்தைக் குறைப்பதைவிட, வேலி சூழ்ந்த இடத்தில் ஓடவிடுவதைத் தனியாகவும் மோப்ப நடையைத் தனியாகவும் வைத்துக்கொள்வதே பொருந்தும். குட்டிகளுக்கும், பிற நாய்களைக் கண்டால் பதறுகிற அல்லது பாய்கிற நாய்களுக்கும் இந்த ஒப்பீடே தேவையில்லை, முழுக் கவனம் ஒன்றே வழி. முதலாவது எதையும் வாயில் போடும், இரண்டாவதற்கு நாம் அரை நிமிடம் முன்பே பார்த்துப் பாதையை மாற்ற வேண்டும். முதிய நாய்க்குப் பதினைந்து நிமிடமே போதும், அதை அதன் வேகத்தில் விட்டுவிட வேண்டும்.

கவனத்தின் அளவுக்கேற்பவே லீஷையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இழுக்க இழுக்க நீளும் சுருள் லீஷ் ஐந்து முதல் எட்டு மீட்டர்வரை நாயை விட்டுவிடுகிறது. கவனம் சிதறியவர் கையில் அது ஒரு நொடியில் சாலையின் நடுவரை நாயைக் கொண்டுபோய்விடும், மெல்லிய கயிறு விரலையும் காலையும் அறுக்கும். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண லீஷ் எல்லோருக்கும் பொருந்தும். ஆட்களும் வண்டிகளும் இல்லாத திறந்த வெளியில், முழுக் கவனத்தோடு, கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னஸில் மாட்டிய ஐந்து மீட்டர் லீஷைப் பயன்படுத்தினால், நாயின் நடை முற்றிலும் மாறிவிடுவதைக் காணலாம். வயது முதிர்ந்தவர்கள் இதில் தங்கள் பாதுகாப்பையும் எண்ண வேண்டும். அமெரிக்காவில் லீஷில் கட்டிய நாயுடன் நடக்கும்போது எலும்பு முறிந்து அவசரச் சிகிச்சைக்கு வந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை 2004 இல் 1,671 ஆக இருந்து 2017 இல் 4,396 ஆக உயர்ந்தது. நாய் பாயப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்தால் காலை ஊன்றி நிற்கலாம், அறியாதவர் விழுகிறார்.

எனவே நான் இப்போது கடைப்பிடிப்பது கலப்பு வழி. வாசலைத் தாண்டிய முதல் இருபது நிமிடம் நாயினுடையது. கைபேசி ஒலியடக்கப்பட்டு, ஜிப் போட்ட பின்பைக்குள் இருக்கும். வீட்டில் விடவில்லை, ஏனெனில் மருத்துவரை அழைக்க வேண்டியிருந்தால் அது கையில் வேண்டும். வெளியே எடுப்பதென்றால் ஓரமாக நின்று, லீஷைக் குறுக்கி, நாயை அருகில் நிறுத்திய பிறகே எடுப்பது என்று வைத்திருக்கிறேன். இந்தச் சிறு சிரமமே பத்தில் எட்டு முறை அதைப் பைக்குள்ளேயே இருக்கவிடுகிறது. திரும்பும் வழியில், தெரிந்த பாதையில், நாய் முகர்ந்து முடித்துக் காலோடு வரும்போது, ஒரு காதில் பாட்டு. வாரத்தில் இரண்டு நாள் நண்பர் ஒருவரும் தன் நாயோடு வருகிறார். பேச்சை நடுவில் நிறுத்தி 'உன் நாயைப் பார்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு உண்டு.

தவிர்க்க முடியாத அழைப்பு வரும் காலைகளும் உண்டு. அன்று நாயை ஐந்து நிமிடம் வெளியே விட்டுச் சிறுநீர் கழிக்கச் செய்து அழைத்து வந்துவிடுகிறேன். அதை நடையாகக் கணக்கிடுவதில்லை. அன்றைய நடை மாலைக்குத் தள்ளிவைக்கப்படுகிறது, கல்லருகே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அன்றும் நாய்தான் முடிவு செய்கிறது.